ஆறு வாரக் கோதுமை

தி. நகரில் ஜுவேரியாவின் வீட்டு ஹாலில், பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வஜீஹா வாயை இறுக்க மூடிக்கொண்டாள். எதிரே நீண்டிருந்த ஜுவேரியாவின் கையில் ஒரு தம்ரூட் துண்டு. ரவை, கோவா, முட்டை, நெய் எல்லாம் குழைத்து மேலும் கீழும் நெருப்பு வைத்து வேகவைக்கிற இனிப்பு அது. அதில் தன்னை அடித்துக்கொள்ள பாண்டி பஜார் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்று ஜுவேரியாவே சொல்லுவாள். பெண்ணைப் பெற்றவள் பிள்ளையைப் பெற்றவளுக்குத் தன் கையால் ஒரு வாய் இனிப்பு ஊட்டிவிட்டால் சம்பந்தம் உறுதி என்பது அவர்கள் வழக்கம். வஜீஹாவின் மகன் ஜீஷானுக்கும் ஜுவேரியாவின் மகள் சாய்மாவுக்கும் மற்றதெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. அந்த ஒரு வாய்தான் பாக்கி.

"மன்னிச்சுக்குங்க ஆபா. எனக்குக் கோதுமை ஆகாது," என்றாள் வஜீஹா. தன்னைவிட மூத்தவளை ஆபா, அதாவது அக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

"இதுல கோதுமை எங்க இருக்கு? இது ரவை."

"ரவையும் கோதுமைதான் ஆபா."

ஹாலில் ஒரே சிரிப்பு. கோதுமை என்றால் சப்பாத்தி, சப்பாத்தி என்றால் பழுப்பு நிறம், வெள்ளை வெளேரென்று இருக்கிற ரவைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். வஜீஹா சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து வந்து, "இதுல ஒரு சிட்டிகை போடுங்க, போதும்," என்று வாயைத் திறந்தாள். ஜுவேரியா போட்டாள். போட்டவள் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயங்காலமே செய்தி மந்தைவெளியில் வஜீஹாவின் வீட்டுக்கு வந்துவிட்டது. நிச்சயத் தேதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமாம். கைப்பண்டத்தையே நடித்து ஒதுக்குகிறவள், நாளைக்கு என் பெண்ணை எப்படி வைத்துக்கொள்வாள் என்று ஜுவேரியா கேட்டாளாம். ஜீஷான் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான்.

நடிப்பு என்கிற பட்டம் வஜீஹாவுக்குப் புதிதல்ல. இருபது வருஷமாக எதைத் தின்றாலும் வயிறு உப்பும், வாயெல்லாம் புண் வரும். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று விசாரிக்காமல் எந்த விருந்துக்கும் போகமாட்டாள். எட்டு மாதத்துக்கு முன்னால் தானாகவே கோதுமையை நிறுத்திப் பார்த்தாள். பத்தே நாளில் வயிறு அடங்கியது. அன்றிலிருந்து வீட்டில் பரோட்டா, சேமியா, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் தடை. பிளவுஸுக்கு ஆரி வேலை செய்கிற கை சும்மா இருக்குமா? அரிசி மாவிலும் அரிசி ரவையிலும் சோள மாவிலும் விதவிதமாகப் போலிப் பண்டங்கள் செய்தாள். கச்சேரி ரோட்டில் கடிகாரக் கடை வைத்திருக்கிற கணவர் ஷஃபியுல்லா அவற்றை எல்லாம் வாய் பேசாமல் தின்றார். பேசினால் என்ன ஆகும் என்று அவருக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம். ஆனால் சொந்தபந்தத்தில் ஒருத்தரும் நம்பவில்லை. வயசான காலத்தில் இவளுக்கு ஃபேஷன் கேட்கிறது என்றார்கள்.

"பேப்பர்ல காட்டறேன். ரத்தத்துல எழுதி வாங்கிக்கினு வந்து அந்தம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டறேன்," என்று சொல்லிவிட்டு, மறுநாளே அடையாறில் வயிற்று டாக்டர் ஜாஸ்மினிடம் போய் உட்கார்ந்தாள் வஜீஹா.

"கோதுமைய நிறுத்தி எவ்ளோ நாள் ஆச்சு?"

"எட்டு மாசம் டாக்டர். ஒரு பிஸ்கட் துண்டு தொட்டதில்ல."

பரிசு எதிர்பார்க்கிற முகத்தோடுதான் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "அப்ப இப்போ டெஸ்ட் எடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா. சீலியாக்ங்கற வியாதின்னா, கோதுமைல இருக்கிற குளூட்டனை உடம்பு எதிரின்னு நெனச்சு சண்டைக்குப் போகும். அந்தச் சண்டையோட அடையாளத்தைத்தான் ரத்தத்துல தேடறோம். நீங்க எதிரிய ஊருக்குள்ளயே விடலையே. இப்ப எடுத்தா ஒண்ணும் இல்லேன்னுதான் வரும். ஆறு வாரம், தெனமும் ரெண்டு ஸ்லைஸ் பிரெட் அளவுக்காவது கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க. முடியலன்னா எனக்கு போன் பண்ணுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

'ஒண்ணும் இல்லை' என்று அச்சடித்த காகிதம் கிடைத்தால் ஜுவேரியா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவாள். வஜீஹா சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். வெளியே பெஞ்சில் ஷஃபியுல்லா காத்திருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"பரோட்டா தின்னச் சொன்னாங்க."

ஷஃபியுல்லாவின் முகம் மலர்ந்தது. "நல்ல டாக்டரு," என்றார்.

கசப்பு மருந்தைக் குடிப்பதுபோல முதல் நாள் கோதுமையை விழுங்கினாள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. லஸ் சிக்னலுக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கினாள். பன்னை இரண்டாகப் பிளந்து, கல்லில் போட்டு, வெண்ணெய் உருகி ஓரமெல்லாம் மொறுமொறுப்பாகி வருகிற அந்தப் பண்டத்தை எட்டு மாதமாக அவள் கனவில் தின்றுகொண்டிருந்தாள். இப்போது டாக்டர் சீட்டு கையில் இருக்கிறது, யார் கேட்பது? கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். ஜாம் முழங்கை வரை வழிந்தது. இன்னொன்று சொன்னாள். அதையும் பாதி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், சிவப்பு விளக்கில் நின்ற ஸ்கூட்டர் ஒன்றின் மேலிருந்து, கறுப்பு புர்காவும் வெள்ளை ஹெல்மெட்டுமாக ஜுவேரியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் கத்தினார். ஜுவேரியா நிதானமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். வஜீஹா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் போன் வந்துவிட்டது.

"பன்னு நல்லா இருந்துச்சா, ஜீஷான் அம்மி?"

போன வாரம் வரைக்கும் 'சம்பந்தி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது வெறும் ஜீஷானின் அம்மா என்கிறாள். வஜீஹா மூச்சு விடாமல் டாக்டர் சொன்னதை எல்லாம் ஒப்பித்தாள். ஜுவேரியா அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

"அதாவது, சாப்பிட்டா உங்களுக்கு ஆகாது. ஆகாதுன்னு காட்டறதுக்காகச் சாப்பிடறீங்க."

"ஆமா ஆபா."

"அதுவும் டாக்டரே சாப்பிடச் சொல்லிட்டாங்க."

"ஆமா ஆபா."

சொல்லச் சொல்ல அது வஜீஹாவின் காதுக்கே பச்சைப் பொய்யாகக் கேட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம்," என்றாள் ஜுவேரியா, ரொம்ப மரியாதையாக. "ஆறு வாரமும் என் கையாலயே சாப்பிடுங்க. தெனமும் நானே கொண்டுவரேன். என் கண்ணு முன்னாடி சாப்பிடுங்க. பேப்பரு வரட்டும். அப்புறம் நிச்சயத்தைப் பத்திப் பேசலாம்."

மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்த கையோடு மந்தைவெளி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று இறங்கியது. அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே கேரியர். வஜீஹா தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். ஜுவேரியா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கடைசிக் கவளம் வரைக்கும் பார்ப்பாள். அன்றைய பங்குக் கோதுமை முழுக்க அந்தக் கேரியரில்தான் வரும். வீட்டில் வேறு கோதுமை கிடையாது.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோபத்தில் சமைத்தாலும் ஜுவேரியாவின் கை தப்பாது. கீமா சமோசா, பால் வாசம் வீசுகிற ஷீர்மால் ரொட்டி, முட்டை பரோட்டா, தம்ரூட். முதல் நான்கு நாள் வஜீஹா சொர்க்கத்தில் இருந்தாள். வேண்டுமென்றே விரலை நக்கிக்காட்டி, "இன்னொரு சமோசா இருக்குதா ஆபா?" என்று கேட்பாள். ஜுவேரியா உதட்டைக் கடித்துக்கொண்டு வைப்பாள். கதவோரம் நிற்கிற ஷஃபியுல்லாவுக்கும் ஒன்றிரண்டு கிடைத்தது. சம்பந்தச் சண்டை இப்படியே ஆறு மாதம் நீடித்தாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் ஜீஷானிடம் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வயிறு விழித்துக்கொண்டது. இரண்டாம் வாரம் வாயில் புண். மூன்றாம் வாரம் சட்டத்தில் மாட்டின பிளவுஸ் துணிக்கு முன்னால் அரை மணி சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. ஜுவேரியா கண் முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். திரும்பி வந்தால் ஜுவேரியா கேரியரைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

"இதே மாவுல செஞ்சதைத்தான் எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிட்டோம்," என்பாள் ஷஃபியுல்லாவிடம், வஜீஹாவுக்குக் கேட்கிற மாதிரி. "எங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலியே."

அந்த ஒரு வார்த்தை வயிற்று வலியைவிட வலித்தது. ஓரோர் நாள் வஜீஹா பாத்ரூமிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் காலண்டரில் ஒரு நாளை அடித்தாள்.

நாலாவது வாரம் ஒரு விபரீதம் நடந்தது. வயிறு வலிக்கவில்லை.

முதல் நாள் பிழைத்தோம் என்று நினைத்தாள். இரண்டாம் நாளும் வலிக்கவில்லை. மூன்றாம் நாள் பாக்கி நின்ற பிளவுஸ் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, தெம்பாக எழுந்து நின்றபோது பயம் பிடித்துக்கொண்டது. தின்பது அதே தம்ரூட், அதே ரொட்டி. அப்படியானால் கோதுமை ஒன்றும் செய்யவில்லையா? ஊர் சொன்னதுதான் நிஜமா? இருபது வருஷமும் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேனா? அன்று ஜுவேரியா முன்னால் உட்கார்ந்து வலுக்கட்டாயமாகப் பல்லைக் காட்டிச் சிரித்தாள். ஜுவேரியாவும் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் தம்ரூட்டைப் பிட்டபோது அது பிடியில் நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. வஜீஹாவின் கை அப்படியே நின்றது. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தாள். பல்லுக்கடியில் சுண்ணாம்பு மாதிரி நறநறத்தது. எட்டு மாதமாகப் போலிப் பண்டங்களையே செய்து தின்ற நாக்கு அது, அதனிடமா வேலை காட்டுவது! இது அரிசி ரவை. சந்தேகமே இல்லை. தொட்டுக்கொள்ளும் பாவனையில் ரொட்டியையும் விரலால் இழுத்துப் பார்த்தாள். ஜவ்வு இல்லாமல் பட்டென்று முறிந்தது. அதுவும் அரிசி மாவு.

எனக்குப் பைத்தியம் இல்லை! எழுந்து ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்தது. ஆனால் எதிரே ஜுவேரியா.

இரக்கப்பட்டு மாற்றியிருப்பாளோ? அந்த முகத்தில் இரக்கம் வந்து வஜீஹா பார்த்ததே இல்லை. அப்படியானால் இது பொறி. அரிசியைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்திருந்தால், கையும் களவுமாகப் பிடித்திருப்பாள். நல்லவேளை, வலிக்கவில்லை. பொறியில் விழாமலே தாண்டிவிட்டோம் என்று குதூகலமாக இருந்தது. அடுத்த நிமிஷமே டாக்டர் ஞாபகம் வந்தது. நாலு நாளாகக் கோதுமை உள்ளே போகவில்லை. இப்படியே போனால் ரத்தம் 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிவிடும். கேட்டுவிடலாம் என்றால், நான் அப்படிச் செய்வேனா என்று ஜுவேரியா குதிப்பாள். அதோடு கல்யாணமும் போகும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வஜீஹா லஸ் டீக்கடையில் நின்றாள். இரண்டு பன். அதற்கு மறுநாளும் இரண்டு பன். வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

திட்டம் நல்ல திட்டம்தான். அதில் ஒரே ஒரு ஓட்டை. காலையில் தின்ற பன் சாயங்காலம் நாலரைக்குத்தான் வயிற்றில் வேலையை ஆரம்பிக்கும். சரியாக ஐந்து மணிக்கு ஜுவேரியா அரிசியோடு வந்து எதிரே உட்காருவாள். இப்போது முகத்தைச் சுளித்தால்கூட மாட்டினோம். அரிசி தின்றுவிட்டு நடிக்கிறாள் என்பார்கள். ஆக, இதுவரைக்கும் நடிக்காமலே நடிகை என்று பேர் வாங்கினவள், இப்போதுதான் நிஜமாகவே நடிக்க ஆரம்பித்தாள். வயிற்றுக்குள் கடமுடா என்று உருளும். வெளியே, "இன்னிக்கு ரொட்டி ரொம்ப சாஃப்ட்டு ஆபா!" குளிர்ந்த வியர்வை கழுத்தில் இறங்கும். "வெயில் ஜாஸ்தி இல்ல?" டிசம்பர் மாதம்.

ஐந்து நாள் சமாளித்தாள். ஆறாம் நாள் தம்ரூட்டைப் பாதி தின்றுகொண்டிருக்கும்போதே முடியாமல் போய்விட்டது. தட்டு ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம் பறக்க, பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். போட்ட பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. போச்சு. எல்லாம் போச்சு. ஜீஷான் ஆயுசுக்கும் பேசமாட்டான்.

வெளியே காலடி வந்து கதவருகே நின்றது.

"வஜீஹா!" ஜுவேரியா கதவைத் தட்டினாள். "யா அல்லா, அரிசிகூடவா உங்களுக்கு ஆகாது?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருந்தவளுக்கு வலியோடு வலியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"அரிசி ஆகும் ஆபா! காலைல தின்ன ரெண்டு பன்னு!"

"என்ன பன்னு?"

"அதே லஸ் பன்னுதான். நீங்க அரிசிய வெச்சு என்னைய புடிக்கப் பாத்தீங்க. டெஸ்ட்டு கெட்டுப்போவுமேன்னு நான் காலைல தனியா தின்னுக்கினு இருந்தேன்."

"தெரிஞ்சுதான் சாப்பிட்டீங்களா?"

"நாலாம் நாளு தெரிஞ்சுது. தம்ரூட் உதிருது ஆபா. அடுத்த வாட்டி கூட ஒரு முட்டை போடுங்க."

கதவில் ஏதோ சாய்கிற சத்தம் கேட்டது. ஜுவேரியா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹாலில் ஷஃபியுல்லா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

"மொத நாள் உங்களைப் புடிக்கத்தான் செஞ்சேன்," என்றாள் ஜுவேரியா கதவிடம். "அரிசின்னு தெரியாம வழக்கம்போல வயித்தைப் புடிப்பீங்க, அப்ப கேட்டுடலாம்னு. நீங்க பளிச்சுனு உக்காந்து சிரிச்சீங்க. மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாள் உங்க மூஞ்சில ரத்தம் ஊறியிருந்துச்சு. நான் வண்டிய எடுத்துக்கினு நேரா வீட்டுக்குப் போகல. நந்தனம் சிக்னல் தாண்டி ஓரமா நிறுத்திட்டு அழுதேன். மூணு வாரமா மெனக்கெட்டு, பாத்துப் பாத்து, நெய் ஊத்தி, நானே உங்களுக்கு வெஷம் வெச்சிருக்கேனே."

"தெரிஞ்சப்புறமும் ஏன் அரிசியே கொண்டுவந்தீங்க?"

"மைதா மாவைக் கையில எடுக்கவே வரல, என்ன பண்றது? உங்ககிட்ட சொல்லவும் வாய் வரல. தப்புன்னு ஒத்துக்கறது எனக்குப் பழக்கம் இல்ல. சாய்மாவோட வாப்பாவைக் கேட்டுப் பாருங்க."

உள்ளே வஜீஹா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஆள், காகிதம் எதுவும் பார்க்காமல், அவளை நம்பியிருக்கிறாள். அதை எப்படி வாங்கி வைத்துக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"வெளிய வாங்க சம்பந்தி," என்றாள் ஜுவேரியா. "உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொண்டுவரேன்."

டாக்டர் ஜாஸ்மினுக்குப் போன் போட்டார்கள். இடையில் நாலு நாள் விட்டுப்போனதால் இன்னும் ஒரு வாரம் சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். ஜுவேரியா மறுபடியும் கோதுமையே செய்தாள். ஆனால் இப்போது எதிரே உட்கார்ந்து பார்ப்பதில்லை. வஜீஹா தின்கிற நேரம் பூராவும் சமையலறையில் போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள். அப்புறம் பாத்ரூம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வஜீஹா வெளியே வரும்வரைக்கும் நிச்சயத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பாள். பட்டியலில் பாதி அந்தக் கதவு வழியாகத்தான் முடிவானது.

ஏழாவது வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தாள். இரண்டாம் நாள் ரிப்போர்ட் போனில் வந்தது. டாக்டர் தேடின அந்த அடையாளம், இருக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்கு. "இப்ப நிறுத்திடுங்க, இனி தொடவே தொடாதீங்க," என்றார் டாக்டர். வஜீஹா அந்தப் பக்கத்தை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு ஜுவேரியாவுக்கு அனுப்பினாள். கூடவே நாலு வரி எழுதினாள், ஜாடையாக ஒரு குத்து வைத்து. அழித்தாள். திரும்ப எழுதினாள்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவளுக்கே பொறுக்கவில்லை, கூப்பிட்டாள்.

"ஆபா, ரிப்போர்ட்டு அனுப்பியிருந்தேனே?"

"வந்துச்சு வந்துச்சு. இன்னும் தொறக்கல. கை வேலையா இருக்கேன்."

"பாக்கலியா?" வஜீஹாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

"அதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போவுது? அத விடுங்க. இந்தப் பெருங்காய டப்பாவுக்குப் பின்னாடி என்ன எழுதியிருக்கான் தெரியுமா? மைதா! பெருங்காயத்துல மைதா சேக்கறானுங்க சம்பந்தி! பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சுக்கினு இருக்கேன். காலைலேர்ந்து அலமாரி மொத்தத்தையும் கீழ எறக்கிட்டேன். சாய்மாவும் நானும் நடு ஹால்ல உக்காந்திருக்கோம். சோயா சாஸ்ல கோதுமை. இந்த சூப்புப் பொடில கோதுமை. எங்க வீட்டுக்கு வந்து இனிமே நீங்க என்னத்த சாப்பிடுவீங்க?"

பெருங்காயத்தில் மைதா இருக்கும் என்று வஜீஹாவுக்கே தெரியாது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். தி. நகரில் டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அழறீங்களா?" என்றாள் ஜுவேரியா. "அப்புறம் அழுங்க. மொதல்ல ஒரு பேனா எடுங்க."

வஜீஹா ஷஃபியுல்லாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஜுவேரியா ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.